தூக்கிய வண்டியின் முன் ஆக்சில் சத்தம் போடுகிறதா? ஸ்பேனரை எடுக்கும் முன் படியுங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கி, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு, பெரிய டயரும் மாட்டிவிட்டால், கொஞ்ச நாளில் முன் பக்கத்திலிருந்து ஏதாவது ஒரு சத்தம் கிளம்பும். டக் டக், கிரீச் கிரீச், கட கட, இல்லையென்றால் ஒரே ஊதலாக 'ஊ' என்று. உடனே ஆக்சில் ஷாஃப்ட்டைக் கழற்றிப் பார்க்கத் தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். இடது பக்கக் கிராஸை மாற்றினேன், சத்தம் போகவில்லை. சரி, வலது பக்கமாக இருக்கும் என்று அதையும் மாற்றினேன். அப்போதும் போகவில்லை. மூன்றாவது வாரம் வண்டிக்கு அடியில் வேறு வேலையாகப் படுத்திருந்தபோதுதான் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (கியர் பக்கத்திலிருந்து முன் ஆக்சிலுக்கு ஓடும் நீள ஷாஃப்ட்) மேல் ஜாயின்ட் காய்ந்து, சுற்றிலும் துருப்பொடி கட்டியிருந்ததைப் பார்த்தேன். இரண்டு கிராஸும் வீண், இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் வீண்.

அதனால் இங்கே முக்கால்வாசி இடம் கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான். கழற்றி மாட்டுவது அதற்கு அப்புறம். ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஷாஃப்ட்டை மடங்கியபடி சுற்ற விடும் சிலுவை வடிவ இணைப்பான யூ-ஜாயின்ட்டைத்தான் பட்டறையில் 'கிராஸ்' என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

அடியில் இருப்பது எந்த வகை ஆக்சில்?

வண்டிக்கு முன்னால் குனிந்து பாருங்கள். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை ஒரே இரும்புக் குழாயாக ஓடி, நடுவிலோ ஓரமாகவோ டிஃபரன்ஷியல் பானை இருந்தால் அது சாலிட் ஆக்சில். பழைய ஜீப்புகளின் டானா 30, டானா 44, லேண்ட் குரூஸர் 40, 60, 80, சுசுகி ஜிப்ஸி எல்லாம் இந்த வகை. டிஃபரன்ஷியல் மட்டும் சேஸிஸோடு இறுகி நின்று, அதிலிருந்து இரண்டு பக்கமும் ரப்பர் பூட் போட்ட ஷாஃப்ட் தனித்தனியாகச் சக்கரத்துக்குப் போனால் அது இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். பஜெரோவும் பிற்காலத்து ஹைலக்ஸும் இப்படி.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், லிஃப்ட் இந்த இரண்டையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. சாலிட் ஆக்சிலில் ஷாஃப்ட் குழாய்க்குள்ளேயே கிடக்கிறது. நீங்கள் வண்டியை 2 அங்குலம் தூக்கினாலும் 6 அங்குலம் தூக்கினாலும் அந்த ஷாஃப்ட்டின் கோணம் கொஞ்சமும் மாறாது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மட்டும்தான் அதன் ஜாயின்ட் மடங்கும். 'லிஃப்ட் போட்டதால் ஆக்சில் கிராஸ் போய்விட்டது' என்று யாராவது சொன்னால், கேட்டுக்கொண்டு தலையாட்டுங்கள், நம்ப வேண்டாம். இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனில் கதையே வேறு. டிஃபரன்ஷியல் வண்டியோடு மேலே போய்விடும், சக்கரம் கீழேயே நிற்கும், நடுவில் மாட்டிக்கொண்ட சி.வி. ஷாஃப்ட் (மடங்கினாலும் சீராகச் சுற்றும் ஜாயின்ட் வைத்தது) எந்நேரமும் சரிந்த கோணத்தில் சுற்றும். அங்கே லிஃப்ட்தான் நேரடிக் குற்றவாளி.

அப்படியானால் சாலிட் ஆக்சில் வண்டியில் லிஃப்ட்டுக்குப் பிறகு எதனால் தொந்தரவு வருகிறது? மூன்று காரணங்கள் சொல்லலாம். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சரிவுக் கோணம் கூடி, அதன் ஜாயின்ட்டுகள் அடி வாங்கும். ஆக்சிலின் பிரீதர் குழாய் எட்டாமல் இழுபட்டுக் கழன்றுவிடும். அப்புறம் பெரிய டயர். தரையைப் பிடித்து நிற்கும் டயர் வழுக்குவதற்கு முன் ஷாஃப்ட் எவ்வளவு முறுக்கைத் தாங்க வேண்டும் என்பது டயரின் ஆரத்தோடு நேராக ஏறும். 29 அங்குல டயரை 33 அங்குலம் ஆக்கினால் அதே தரையில் அதே எடையில் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதல் முறுக்கு. லோ கியரில் இது விளையாட்டல்ல: முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2.7, ஆக்சில் 4 என்று வைத்துக்கொண்டால் எஞ்சினின் முறுக்கு 43 மடங்காகப் பெருகித்தான் ஆக்சிலுக்கு வந்து சேருகிறது.

10 கிலோமீட்டர் வேகத்தில் காது கொடுத்துக் கேளுங்கள்

எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான சோதனை கிடையாது. 33 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.6 மீட்டர் போகும். மணிக்கு 10 கிலோமீட்டரில் வண்டி வினாடிக்கு 2.8 மீட்டர் நகர்கிறது. அதாவது சக்கரம் வினாடிக்கு ஒரு சுற்று. முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைப்போல நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும் (உங்கள் ஆக்சில் விகிதம் 3.55 என்றால் மூன்றரை மடங்கு).

கண்ணாடியை இறக்கிவிட்டு, சுவர் ஓரமாக, இந்த வேகத்தில் ஓட்டுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்பும், நன்றாகக் கேட்கும். வினாடிக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ சத்தம் வந்தால் சக்கரம், ஹப், ஆக்சில் ஷாஃப்ட், அதன் கிராஸ் ஆகியவற்றில் ஒன்று. கிரீச்-கிரீச்-கிரீச் என்று எண்ண முடியாத வேகத்தில் வந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பாருங்கள். என்னுடைய சத்தம் இரண்டாவது வகை. அன்றைக்கு எண்ணத் தெரிந்திருந்தால் ஒரு கிராஸைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன்.

வேகம் ஏற ஏற 'ஊ' என்று கூடுகிற ஊதல் சத்தமா? அது பெரும்பாலும் வீல் பேரிங், அல்லது முரட்டுப் பட்டன் வைத்த டயர். ஸ்டியரிங்கை லேசாக இடது வலது அசைத்துப் பாருங்கள். இடது பக்கம் திருப்பும்போது எடை வலது சக்கரத்தில் ஏறும். அப்போது ஊதல் கூடினால் வலது பேரிங் மேல் சந்தேகம். டயர் சத்தம் இப்படி மாறாது.

ஹப்பைத் திறந்து ஒரு சுற்று

உங்கள் வண்டியில் கையால் திருகும் லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்ட்டோடு பூட்டவும் விடுவிக்கவும் முடிகிற ஹப்) இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். இரண்டு ஹப்பையும் 'ஃப்ரீ'யில் வைத்து, டூ வீலில் ஓட்டுங்கள். ஹப் ஃப்ரீயாக இருக்கும்போது முன் ஆக்சில் ஷாஃப்ட், கிரவுன்-பினியன் (டிஃபரன்ஷியலின் பெரிய, சின்னப் பற்சக்கரங்கள்), முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எதுவும் சுற்றாது. சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறது. தொடர்ந்து வந்தால் வீல் பேரிங், பிரேக், டயர் பக்கம் போங்கள். ஷாஃப்ட்டைத் தொடவே வேண்டாம். அடுத்து, டூ வீலிலேயே இரண்டு ஹப்பையும் பூட்டி ஓட்டுங்கள். இப்போது பளு இல்லாமல் எல்லாம் சுற்றும். அதிர்வு மட்டும் வந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கிளிக் மட்டும் வந்தால் ஆக்சில் ஜாயின்ட் என்று ஓரளவு பிரித்துவிடலாம்.

ஜீப் செரோகி எக்ஸ்ஜே, ரேங்ளர் டிஜே மாதிரியான வண்டிகளில் கம்பெனி போட்ட ஹப்பைப் பூட்டவோ திறக்கவோ முடியாது. டூ வீலில் ஓட்டினாலும் சக்கரப் பக்கத்து ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அங்கே முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை முழுதாகக் கழற்றி, டூ வீலில் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. கழற்றும் முன் இரண்டு முனையிலும் பெயின்ட்டால் குறி வையுங்கள், இருந்த மாதிரியே திரும்ப மாட்ட வேண்டும். முழுநேர ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள், வண்டி நகராது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் போட்டு வளைத்தால் முன் பக்கம் முரண்டு பிடிக்கும், டயர் குதிக்கும், ஸ்டியரிங் இறுகும். அது பழுது அல்ல. முன் சக்கரமும் பின் சக்கரமும் வளைவில் வெவ்வேறு தூரம் போக வேண்டியிருக்கிறது, நடுவில் அதை விட்டுக்கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். சோதனை ஓட்டம் எல்லாம் மண்ணிலோ சரளையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள்

பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலுக்குக் கீழே இரண்டு ஸ்டாண்ட் வைத்து இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. லிஃப்ட் போட்ட வண்டி உயரம் அதிகம், ஸ்டாண்டும் உயரமாகத்தான் தேவைப்படும். குட்டை ஸ்டாண்டுக்கு மேல் செங்கல் அடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

முதலில் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங், அல்லது பால் ஜாயின்ட், கிங் பின். யாராவது பிரேக்கை மிதித்துப் பிடிக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் பால் ஜாயின்ட் பக்கம். இடது வலதாக ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் முனைகள். லிஃப்ட் வண்டிகளில் ஸ்டியரிங்கே வெறி பிடித்த மாதிரி உதறும் 'டெத் வாபிள்' இந்தப் பக்கத்து ஆட்டங்களிலிருந்தும் பான்ஹார்ட் ராட் (ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ்ஷிலிருந்தும்தான் வரும். ஆக்சில் ஷாஃப்ட்டை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்து, ஷாஃப்ட் முறிந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஹப்பைப் பூட்டி, ஃபோர் வீலில் போட்டு, கியரிலும் வைத்துவிடுங்கள். அப்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நகராது. இடது சக்கரத்தைச் சுற்றினால் சாதாரண ஓபன் டிஃபரன்ஷியலில் வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றவில்லை, இடது மட்டும் தாராளமாகச் சுற்றுகிறது என்றால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. இப்போது சக்கரத்துக்குப் பின்னால் கிராஸைப் பாருங்கள். சக்கரம் சுற்றும்போது கிராஸே அசையவில்லை என்றால் ஹப் பூட்டவில்லை, அல்லது வெளிக்கட்டை ஷாஃப்ட் (கிராஸிலிருந்து ஹப்புக்குப் போகும் குட்டை ஷாஃப்ட்) முறிந்திருக்கிறது. கிராஸ் சுற்றுகிறது, மறு பக்கம் அசையவில்லை என்றால் மறு பக்கத்தையும் அதே மாதிரி சுற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கிராஸ் தாராளமாகச் சுற்றினால் முறிவு குழாய்க்குள் இருக்கிறது. முன் லாக்கர் (இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டு) போட்ட வண்டியில் இந்தச் சோதனை வேறு மாதிரி நடக்கும். லாக்கர் பிடித்திருந்தால் சக்கரம் சுற்றவே கூடாது, சுற்றினால் அந்தப் பக்கம் போயிற்று.

ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 1987 முதல் 1995 வரை வந்த ரேங்ளர் ஒய்ஜேயிலும், அதே காலத்தின் பல செரோகிகளிலும் ஒரு பக்க ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவில் ஒரு காலர், அதை நகர்த்த வேக்குவம் மோட்டார். இந்த வயதில் அதன் வேக்குவம் ரப்பர் குழாய்கள் எல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கும். லிவர் ஃபோர் வீலில் இருக்கும், விளக்கும் சில சமயம் எரியும், முன் சக்கரம் மட்டும் இழுக்காது. புதியவர் உடனே 'ஷாஃப்ட் உடைந்துவிட்டது' என்று முடிவுகட்டுவார். உண்மையில் விரல் நீளக் குழாய் ஒன்று வெடித்திருக்கும். லிஃப்ட் போடும்போது அந்தக் குழாய் இழுபட்டுக் கழன்றிருக்கவும் நிறைய வாய்ப்பு. காலரைக் கையால் நகர்த்திப் பூட்டி, மறுபடி சுற்றிப் பாருங்கள்.

ஜாயின்ட்டுக்குத் தகுந்த நோய்

கிராஸ் வகை. ஸ்டியரிங் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) திறந்திருக்கும், கிராஸ் கண்ணுக்கே தெரியும். காய்ந்த கிராஸ் கிரீச்சிடும், நொந்த கிராஸ் கிளிக் அடிக்கும். கிராஸின் முனைகளை மூடும் கப்பின் வாயில் செந்நிறத் துருப்பொடி தெரிகிறதா, சர்க்கிளிப் எல்லாம் அதனதன் காடியில் உட்கார்ந்திருக்கிறதா, கிராஸைப் பிடிக்கும் கவையான யோக்கின் காதுகளில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சர்க்கிளிப் தெறித்தால் கப் மெல்ல வெளியே நகரும். ஒருநாள் நக்கிளில் இடித்து, காதை உடைத்துக்கொண்டு போகும். ஷாஃப்ட்டை ஒரு கையிலும் வெளி யோக்கை மறு கையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். கிராஸிலேயே ஆட்டம் தெரிந்தால் அது போயிற்று.

கிராஸ் வகையில் ஒரு இயற்கைக் குணம் உண்டு, அதைப் பழுது என்று நினைத்துவிடக் கூடாது. மடங்கிய நிலையில் ஒற்றைக் கிராஸ் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் எடுத்து, இரண்டு முறை தயங்கும். 30 டிகிரி ஒடித்த நிலையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு பக்கம் 15 சதவீதம் வேகம், மறு பக்கம் 13 சதவீதம் தயக்கம் என்ற அளவுக்குப் போகும். ஃபோர் வீலில் முழுக்க ஒடித்து மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங் கையில் துடிப்பதற்கு இதுதான் காரணம். புதுக் கிராஸ் போட்டாலும் துடிக்கும்.

பிர்ஃபீல்ட் வகை. பழைய டொயோட்டா சாலிட் ஆக்சில்களிலும் ஜிப்ஸியிலும் நக்கிள் ஒரு மூடிய உருண்டை. உள்ளே ஆறு குண்டு வைத்த சி.வி. ஜாயின்ட், கிரீஸில் மிதக்கும். முழுக்க ஒடித்துப் பளு கொடுக்கும்போது 'டக் டக் டக்' என்று வந்தால் குண்டு ஓடும் தடம் தேய்ந்துவிட்டது. ஆனால் அதைக் கெடுத்தது யார் என்று கேட்க வேண்டும். ஆக்சில் குழாயின் உள் சீல் போனால் டிஃபரன்ஷியல் எண்ணெய் நக்கிளுக்குள் வடிந்து கிரீஸைக் கரைத்துக் கஞ்சியாக்கும். நக்கிள் உருண்டையைச் சுற்றி வெளியே கருப்பாக எண்ணெய் வழிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. சீலை விட்டுவிட்டு ஜாயின்ட்டை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி அதே சத்தம் வரும்.

முழுநேர ஃபோர் வீல் லேண்ட் குரூஸர் 80இல் ஒரு பழைய கைவைத்தியம் உண்டு. வண்டி பெரும்பாலும் முன்னோக்கியே போவதால் தடத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் தேயும். இடது ஜாயின்ட்டை வலது பக்கமும், வலதை இடது பக்கமும் மாற்றிப் போட்டால் தேயாத பக்கம் பளு வாங்கும். லேசான கிளிக் மட்டும் இருக்கும் ஜாயின்ட்டுக்கு இது கொஞ்ச காலம் கைகொடுக்கும். குண்டுத் தடத்தில் பள்ளம் விழுந்துவிட்டால் வேலைக்கு ஆகாது.

பூட் போட்ட சி.வி. வகை. இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனில் முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தின் உள் விளிம்பு. அங்கே கிரீஸ் தெளித்திருந்தால் பூட் கிழிந்திருக்கிறது. லிஃப்ட்டுக்குப் பிறகு பூட்டின் மடிப்புகள் மேல் பக்கத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே சுற்றும், கிழிவதும் அங்கேதான். சத்தம் வரும் முன் கண்டுபிடித்துவிட்டால் கழுவி, புது கிரீஸ் அடைத்து, புது பூட் போட்டுப் பிழைக்க வைக்கலாம். மண் உள்ளே போய் அரைத்த பிறகு புது கிரீஸ் எதையும் சரிசெய்யாது.

வளைவில் கிளிக் வந்தால் வெளி ஜாயின்ட். நேராகப் போகையில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி உதறி, விட்டால் நின்றுபோனால் உள் ஜாயின்ட். வெளி ஜாயின்ட் ஸ்டியரிங்குக்காகவே செய்தது, 45 டிகிரி வரை மடங்கும். உள் ஜாயின்ட் அதில் ஏறக்குறைய பாதிதான் தாங்கும். லிஃப்ட் முதலில் தின்பது அதைத்தான். ஷாஃப்ட்டைப் பிடித்து உள்ளே வெளியே தள்ளினால் நகரும். அது பழுதல்ல, உள் ஜாயின்ட் அப்படி நீண்டு சுருங்க வேண்டியது. சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் கையால் சுற்றி, எங்காவது இறுகுகிறதா என்று பாருங்கள். இறுகினால் புது ஷாஃப்ட் வாங்கிப் பயனில்லை. டார்ஷன் பாரை (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள். அதைத் தளர்த்தி உயரத்தைக் குறையுங்கள், அல்லது டிஃபரன்ஷியலைக் கீழே இறக்கும் பிராக்கெட் போடுங்கள். சக்கரம் அளவுக்கு மேல் தொங்காமல் பிடிக்கும் லிமிட் ஸ்ட்ராப்பும் உதவும். என் கருத்தைக் கேட்டால், இந்த வகை வண்டியில் முதலில் உயரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

பிரீதரும் வளைந்த குழாயும்

சாலிட் ஆக்சிலின் மேல் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். ஆக்சில் சூடாகும்போது உள்காற்று விரிந்து வெளியே போகும் வழி அது. லிஃப்ட் போட்டவர் அதை நீட்டாமல் விட்டிருந்தால் அறுந்தோ மடிந்தோ கிடக்கும். அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். அறுந்து கிடந்தால், சூடான ஆக்சில் ஆற்றில் இறங்கும்போது உள்காற்று சட்டென்று சுருங்கி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். டிஃபரன்ஷியல் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். குழாயை நீட்டி எஞ்சின் அறையில் உயரமாகக் கட்டுங்கள். சீலை மாற்றும் முன் இதைச் சரிசெய்யாவிட்டால் சீல் மறுபடியும் போகும்.

புதுச் சீல் போட்டும் அதே பக்கம் மீண்டும் மீண்டும் ஒழுகினால் ஆக்சில் குழாயே வளைந்திருக்கலாம். பெரிய டயரோடு குதித்த வண்டிகளில் இது நடக்கும். ஷாஃப்ட் சீலின் நடுவில் நிற்காமல் ஒரு ஓரத்தை அழுத்திக்கொண்டிருக்கும். முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் மேல் பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பது தெரியும்.

சரி, கழற்றலாம்

டானா 30 திறந்த நக்கிளை வைத்துச் சொல்கிறேன், மற்றவையும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். சக்கரம் தரையில் இருக்கும்போதே நடு நட்டைத் தளர்த்திவிடுங்கள். எக்ஸ்ஜே, டிஜே வண்டிகளில் அது 36 மி.மீ. நட்டு; தூக்கிய பிறகு சக்கரம் சுற்றிக்கொண்டு அடம் பிடிக்கும். அப்புறம் தூக்கி, சக்கரத்தை எடுத்து, பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் தொங்கக் கூடாது. டிஸ்க்கை எடுத்ததும் நக்கிளுக்குப் பின்னால் மூன்று போல்ட் தெரியும், 13 மி.மீ. பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டும். சாதாரண ஆறு முனை சாக்கெட் உட்காராது, தலையைத் தின்றுவிடும்.

ஹப் யூனிட் (ஹப்பும் பேரிங்கும் ஒன்றான 'யூனிட் பேரிங்') துருப்பிடித்து நக்கிளோடு ஒன்றிப்போயிருக்கும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். போல்ட்டுகளை இரண்டு மூன்று மரை தளர்த்தி, அவற்றின் தலையில் மாற்றி மாற்றித் தட்டி வெளியே தள்ளுங்கள். பொறுமை வேண்டிய இடம்.

ஷாஃப்ட்டை இழுக்கும் முன் குழாயின் வாயைக் கம்பியில் சுற்றிய துணியால் வழித்துத் துடையுங்கள். அங்கே வருஷக்கணக்கான சேறும் மணலும் படிந்திருக்கும், ஷாஃப்ட் அதை இழுத்துக்கொண்டு சீலுக்குள் போகும். டானா 30இல் உள் சீல் டிஃபரன்ஷியல் ஓரமாக இருக்கிறது. அதை மாற்ற டிஃபரன்ஷியல் கூண்டையே வெளியே எடுக்க வேண்டும். ஒரு துணியால் தவிர்க்கக் கூடிய வேலை அது. ஷாஃப்ட்டை ஒரு கையால் தாங்கி நேராக இழுங்கள், பற்கள் சீலின் உதட்டில் உரசக் கூடாது.

வெளியே வந்த ஷாஃப்ட்டை வெளிச்சத்தில் வைத்து உள் முனையின் பற்களைப் பாருங்கள். நேர்க்கோடாக இருக்க வேண்டிய பற்கள் லேசாகச் சுருள ஆரம்பித்திருந்தால் அந்த ஷாஃப்ட் முறுக்கித் திரும்பாத நிலைக்கு வந்துவிட்டது. இன்று உடையவில்லை என்பதற்காக மறுபடி உள்ளே தள்ளாதீர்கள்.

கிராஸ் மாற்றும்போது சர்க்கிளிப்புகளை எடுத்து, வைஸில் ஒரு பக்கம் சின்ன சாக்கெட், மறு பக்கம் பெரிய சாக்கெட் வைத்து அழுத்தினால் கப் வெளியே வரும். சுத்தியலால் காதில் ஓங்கி அடிப்பது காதை விரித்துவிடும். புதுக் கப்பின் ஊசி பேரிங்குகள் சரியும், கெட்டி கிரீஸ் வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு ஊசி குறுக்கே விழுந்தாலும் கப் முழுசாக இறங்காது, சர்க்கிளிப் காடி தெரியாது. அப்போது மேலும் அழுத்தாமல் கழற்றிப் பாருங்கள். முடித்ததும் காதுகளின் வெளிப்புறத்தில் லேசாக ஒரு தட்டு தட்டினால் இறுக்கம் விடுபட்டு எல்லாத் திசையிலும் சீராக மடங்கும். கிரீஸ் நிப்பிள் வைத்த கிராஸா, நிப்பிள் இல்லாததா என்றால் முன் ஆக்சிலுக்கு நிப்பிள் இல்லாததையே சொல்வேன். நடுவில் துளை போட்ட கிராஸ் அந்த அளவுக்கு வலுக் குறைந்தது.

மாட்டும்போது ஹப் போல்ட் மூன்றுக்கும் 102 நியூட்டன் மீட்டர், நடு நட்டுக்கு 237 நியூட்டன் மீட்டர் (எக்ஸ்ஜே, டிஜே கணக்கு, மற்ற வண்டிக்கு அதன் கையேட்டைப் பாருங்கள்). நடு நட்டு சும்மா ஷாஃப்ட்டைப் பிடிக்க மட்டும் இல்லை, யூனிட் பேரிங்கை இறுக்கிச் சேர்த்து வைத்திருப்பதும் அதுதான். புதுக் காட்டர் பின் போடுங்கள். கடைசியாக ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, சக்கரத்தைச் சுற்றி, கிராஸின் காதுகள் ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் நக்கிளில் இருக்கும் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே திருகுங்கள். வளைவு வட்டம் சற்றுப் பெரிதாகும், பரவாயில்லை. பெரும்பாலான ஷாஃப்ட்டுகள் உடைவது முழுக்க ஒடித்த நிலையில் பாறையில் சிக்கி, ஆத்திரத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதுதான்.

வலுவான குரோமோலி எஃகு ஷாஃப்ட் போடலாமா என்று கேட்பார்கள். லாக்கரும் 33 அங்குலத்துக்கு மேல் டயரும் இருந்தால் நியாயம்தான். ஆனால் ஷாஃப்ட் உடையாவிட்டால் அடுத்த பலவீனமான இடம் உடையும், அது பெரும்பாலும் கிரவுன்-பினியன். காட்டில் ஷாஃப்ட்டை மாற்றிவிடலாம், கிரவுனை மாற்ற முடியாது. சாதாரண டயரோடு ஓடும் வண்டிக்கு நல்ல ஸ்டாக் ஷாஃப்ட் இரண்டு, ஒன்று வண்டியில், ஒன்று டிக்கியில் என்பது என் வழக்கம்.

வழியில் உடைந்தால்

லாக்கிங் ஹப் என்றால் இரண்டையும் ஃப்ரீ செய்து டூ வீலில் திரும்பலாம். ஆனால் உடைந்த காது உள்ளே உருண்டு நக்கிளில் மாட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். யூனிட் பேரிங் ஹப் வண்டியில் உடைந்த ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகு வெளிக்கட்டையை மட்டும் கிராஸிலிருந்து பிரித்து, மறுபடி ஹப்பில் செருகி, நடு நட்டை முழு இறுக்கத்தில் போட வேண்டும். கட்டை இல்லாமல் ஓட்டினால் பேரிங் பிரிந்து சக்கரமே கழன்று போகலாம். கிராஸைப் பிரிக்க வசதி இல்லாத இடம் என்றால் இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஷாஃப்ட் இல்லாத குழாய் வழியாக டிஃபரன்ஷியல் எண்ணெய் வெளியே வரும். சுத்தமான துணியை இறுக்கிச் சுருட்டிக் குழாயில் அடையுங்கள், ஒரு முனை வெளியே தொங்கட்டும். நான் ஒரு தடவை முழுதையும் உள்ளே தள்ளிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் புது ஷாஃப்ட்டைச் செருகியபோது துணி முன்னால் போய் டிஃபரன்ஷியலுக்குள் விழுந்தது. மூடியைக் கழற்றி, கிரவுன் பற்களில் சுற்றியிருந்த நூலை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க ஒரு மதியம் ஆனது.